நல்ல கட்டில் யாருக்கு

முதல் நாள் முழுவதும் வண்டிக்குள் இருந்த கழிப்பறையை எங்களில் ஒருவரும் பாவிக்கவில்லை. வீதியோரம் ஒரு பெற்றோல் நிலையம் கண்ணில் பட்டால் போதும், யாராவது ஒருவர் "கொஞ்சம் கால் நிமித்துவம்" என்பார். நால்வரும் இறங்கி, கட்டடத்தின் பின்பக்கம் போய், முகம் கழுவ மட்டும் போன ஆட்களைப் போலத் திரும்பி வருவோம். அந்த மோட்டர்ஹோமில் அடுப்பு உண்டு, குளிர்சாதனப் பெட்டி உண்டு, கட்டில்கள் உண்டு, கழிப்பறையும் உண்டு. ஆனால் சம்பந்தி வீட்டார் ஓரடி தள்ளியிருந்து பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு மட்டைக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார யாழ்ப்பாணத்து மனிதனுக்கு மனம் வருமா?

சம்பந்தி வீட்டார் என்று சொல்லிவிட்டேன். அப்போது இன்னும் அந்த உரிமை வரவில்லை. என் மகள் மிதுலா ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள், பிசியோதெரபிஸ்ட். ஒரு சிநேகிதியின் கல்யாணத்துக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த அகிலனை அங்கே சந்தித்தாள், இருவருக்கும் பிடித்துப்போனது. அகிலன் அடிலெய்ட் நகரில் பள்ளிக்கூட ஆசிரியன். நல்ல பிள்ளை. குறை பிடிக்கலாம் என்று நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர்களுக்கும் ஒரே பிள்ளை, எங்களுக்கும் ஒரே பிள்ளை. கல்யாணம் முடித்து எந்த நாட்டில் இருப்பது?

"எங்களால முடிவெடுக்க ஏலாமல் இருக்கப்பா," என்றாள் மிதுலா. "ரெண்டு பேருக்கும் ரெண்டு இடத்திலயும் ஜொப் கிடைக்கும். அகிலன் இஞ்ச வந்தால் அவரின்ர அம்மா அழுவா. நான் அங்க போனால் நீங்கள் அழுவீங்கள். நீங்கள் நாலு பேரும் மீற் பண்ணிக் கதைச்சு ஒரு ஆன்சர் சொல்லுங்கோ. நாங்கள் அதைச் செய்வம். ப்ரொமிஸ்."

நான் அழமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி புஸ்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ரொறன்ரோவில் பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஏப்ரலில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம். என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மகள் ரொறன்ரோவை விட்டுப் போகக்கூடாது. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டின் பேஸ்மென்றை அவளுக்காகவே திருத்தி வைத்திருந்தேன். தனி வாசல், தனிச் சமையலறை, குளியலறைக்குப் புது ரைல்ஸ். ஒஷாவாத் தொழிற்சாலையில் ஷிப்ற் முடிந்து வந்து, மூன்று குளிர்காலம் என் கையாலேயே செய்த வேலை. அதன் படங்களைப் போனில் வைத்திருந்தேன். சமயம் பார்த்து எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். புஸ்பா விமானத்தில் ஏறும்போதே அதில் மண்ணைப் போட்டாள். "நாங்கள் பொம்பிளைப் பகுதி. முந்திக்கொண்டு வாயைத் திறக்காதேங்கோ. அவை கதைக்கட்டும்."

அடிலெய்டில் அகிலனின் தகப்பன் தவராசா எங்களை வரவேற்றார். மின்சார எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மனைவி கமலா ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறா. வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். பின்வளவில் ஒரு சின்ன வீடு. கிரானி பிளட் என்று அங்கே சொல்கிறார்கள். "வாற போற ஆக்கள் தங்கிறதுக்கு" என்றார் தவராசா. பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. உள்ளே கிடந்த புதுக் கட்டிலின் மெத்தையில் பிளாஸ்ரிக் உறை அப்படியே இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. என்னிடம் பேஸ்மென்ற் இருப்பதுபோல அவரிடம் இது இருக்கிறது. இரவு முழுக்க எனக்கு அந்தக் கட்டிலின் ஞாபகம்தான்.

மோட்டர்ஹோம் யோசனை அகிலனுடையது. தவராசா ஓய்வு பெற்றதும் பழைய ஒன்றை வாங்கி, பெருமையோடு துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். வடக்கே பிளிண்டர்ஸ் என்ற பாலைவன மலைத்தொடர் இருக்கிறது, அதில் மலையை வாளால் வெட்டியதுபோல இடுக்குகள் இருக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றான். "வீட்டில இருந்தால் நாலு பேரும் செற்றியில நிமிர்ந்து இருப்பீங்கள். உதுக்குள்ள போனால் கதைச்சுத்தான் ஆகவேணும்," என்று சிரித்தான். கெட்டிக்காரன். ஆனால் பெற்றவர்களைப் பற்றி அவனுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

வண்டி வடக்கே ஓடியது. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் மெல்ல மெல்லக் காய்ந்து, பிறகு புல்லும் இல்லாமல் சிவப்பு மண் மட்டும் மிஞ்சியது. கூரையில்லாத கல் வீடுகள் தனித்தனியே நின்றன. மழையை நம்பி விதைத்துத் தோற்றுப்போன மனிதர்கள் விட்டுப்போனவை என்றார் தவராசா. எதிரே ஒரு லொறி மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. அது கடந்துபோன காற்றில் எங்கள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ரொறன்ரோவின் நானூற்றொன்றாம் இலக்க நெடுஞ்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நானே இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "நான் கொஞ்ச நேரம் ஓடட்டோ?" என்று கேட்டேன். "சீச்சீ, வந்த ஆக்களை ஓட விடுறதோ?" என்றார். அவர் ஸ்ரியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் மொளிகள் வெளுத்திருந்தன. இருந்தும் விடவில்லை.

சாப்பாடு இன்னொரு கதை. கமலா மரக்கறிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தா. வெண்டிக்காய்க் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பிறகு மறுபடியும் பருப்பு. நான் மீனில்லாமல் சோற்றை விழுங்கத் தெரியாதவன். ஆனால் இவர்கள் சைவச் சாப்பாட்டுக்காரர் என்று எங்களுக்குத் தெரியும். போன புரட்டாதியில்தான் வீடியோவில் முதன்முதல் கதைத்தோம். எப்போது அழைத்தாலும் அவர்கள் மேசையில் மரக்கறிதான். அதனால் புஸ்பா ரொறன்ரோவில் கட்டிய பெட்டியிலிருந்து கருவாட்டை எடுத்துவிட்டு மோர்மிளகாயை வைத்தாள். நானும் பருப்பை ரசித்துச் சாப்பிடுவதுபோல நடித்தேன். தவராசாவும் ரசித்துத்தான் சாப்பிட்டார் என்று நினைத்தேன்.

முதலாவது மலையிடுக்கின் வாசலில் இருந்த முகாமில் வண்டியை நிறுத்தினோம். இரவு வந்ததும் கட்டில் பிரச்சினை தொடங்கியது. வண்டியின் பின்பக்கம் பூப்போட்ட விரிப்போடு அகலமான நல்ல கட்டில். சாரதி ஆசனத்துக்கு மேலே ஏணியால் ஏறிப் படுக்க ஒரு பரண்.

"நீங்கள் பின்னுக்குப் படுங்கோ."

"சும்மா இருங்கோ. உங்கட வண்டி. நீங்கள் படுங்கோ."

"அதெப்படி? வந்தனீங்கள் நீங்கள்."

நாங்கள் பல் தீட்டப் போன நேரம் பார்த்து, முழங்கால் வருத்தக்காரியான கமலாவையும் தள்ளி ஏற்றிக்கொண்டு தவராசா பரணில் போய்ப் படுத்துவிட்டார். அவர்கள் பரணில் கிடக்க நாங்கள் நல்ல கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுப்பதா? புஸ்பா ஒப்பவில்லை. சாப்பாட்டு மேசையை இறக்கி, இருக்கை மெத்தைகளை அதன்மேல் அடுக்கி, இருவரும் அதில் முடங்கினோம். பூப்போட்ட விரிப்பு கசங்காமல் கிடந்தது. விடிய நான்கு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினோம். நான்கு பேரும் நல்ல நித்திரை என்று சொன்னோம்.

எனக்குச் சென் ஜேம்ஸ் ரவுண் ஞாபகம் வந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் அங்கே ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பெடியள் இருந்தோம். கட்டில் இரண்டு. இரவு வேலைக்காரன் வந்து தட்டுவான், பகல் வேலைக்காரன் எழும்புவான். அந்தக் கட்டில்கள் ஒருநாளும் ஆறியதில்லை. அங்கே மரியாதை என்ற பேச்சே கிடையாது, முறை மட்டும் உண்டு. இதைச் சொல்லி, "இஞ்சயும் முறை வைப்பம். ஒரு இரவு நீங்கள், ஒரு இரவு நாங்கள்" என்றேன். தவராசாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். "அப்ப முதல் முறை உங்களுக்கு," என்றார் உடனே.

காலையில் இடுக்குக்குள் நடந்தோம். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை. நடுவே ஒரு காய்ந்த ஆறு, அதில் வெள்ளைத் தண்டோடு பெரிய பெரிய மரங்கள். ரொறன்ரோவிலும் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் நடக்கப் போவதுண்டு. அங்கே எவ்வளவு கீழே இறங்கினாலும் வாகனச் சத்தம் கூடவே வரும். இங்கே எங்கள் செருப்புக்குக் கீழே நொறுங்கிய கல்லின் சத்தம் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஒரு சின்னக் கங்காரு, வாலில் மஞ்சள் வளையங்களோடு, செங்குத்துப் பாறையில் தாவி ஏறி நின்று எங்களைப் பார்த்தது. "உதுக்கு மட்டும் இஞ்ச ஒருத்தரோடயும் பேச்சுவார்த்தை இல்லை," என்றா கமலா மெதுவாக. அதுவரை அந்த விஷயத்துக்கு மிக அருகே வந்த பேச்சு அதுதான். புஸ்பா சிரித்தாள். முகத்தில் மொய்க்கும் இலையான் தொல்லைக்கு இருவரும் வலைத்தொப்பி போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

மறுநாள் பக்கத்துச் சிறு பட்டணத்துக்குப் போனோம். அந்நேரம் கழிப்பறை பற்றிய வைராக்கியம் எல்லோருக்கும் தளர்ந்திருந்தது. தளர்ந்ததன் பலனாக, வண்டியின் வெளிப்பக்கச் சிறு கதவுக்குள் இருக்கும் கழிவுப் பெட்டி நிரம்பியிருந்தது. அதைக் கழற்றி, சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போய், ஊர் எல்லையில் இருக்கும் ஒரு குழாய் வாயில் கொட்டிக் கழுவ வேண்டும். தவராசா கையுறையை எடுத்தார். நான் பாய்ந்து பெட்டியின் பிடியைப் பிடித்தேன்.

"விடுங்கோ, நான் செய்யிறன்."

"என்ன கதை கதைக்கிறீங்கள்? பெட்டையைப் பெத்த தகப்பனைக்கொண்டு இதைச் செய்விக்கிறதோ?"

"மாப்பிள்ளையின்ர தகப்பனைக்கொண்டு செய்விக்கலாமோ?"

அவர் ஒரு பக்கம் இழுக்க நான் மறு பக்கம் இழுத்தேன். பக்கத்தில், காரின் பின்னால் இழுத்துப் போகும் தங்கள் கரவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்காரர், அகன்ற தொப்பி போட்டவர், குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இவர்கள் எதற்குச் சண்டை பிடிக்கிறார்கள்?" என்று மனைவியிடம் கேட்டார். "அதை யார் கொட்டுவது என்றுதான் போலிருக்கிறது," என்றா அவ. "நாற்பது வருஷமாக நீ என்னோடு ஒருமுறைகூட இதற்குச் சண்டை பிடித்ததில்லையே," என்றார் தொப்பிக்காரர். அந்த நேரத்தில் மூடி விலகி, என் சப்பாத்தில் கொஞ்சம், தவராசாவின் காற்சட்டையில் கொஞ்சம். இருவரும் பிடியை விட்டோம். கடைசியில் கொட்டியது அவர்தான். விருந்தாளி என்ற பட்டம் என்னை விட்டபாடில்லை.

சப்பாத்தைக் கழுவிவிட்டு, பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், "கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்று நழுவினேன். தெருமுனையில் ஒரு பேக்கரியைப் பார்த்து வைத்திருந்தேன். ஆட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' ஒன்று வாங்கி, சுடச்சுடக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியே தெரியாத மேசை தேடிப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு மேசையில், சுவரைப் பார்த்தபடி, தவராசா. வேறு காற்சட்டை மாற்றியிருந்தார். வாய் நிறையப் பை.

அவர் மெல்ல விழுங்கினார்.

"என்ன இறைச்சி?" என்று கேட்டேன்.

"கங்காரு."

"நீங்கள் சைவம் எண்டல்லோ..."

"நாங்களோ? நீங்கள்தானே சைவம்! வீடியோவில எப்ப பார்த்தாலும் உங்கட மேசையில வெண்டிக்காய்."

அப்போதுதான் விளங்கியது. நாங்கள் அழைத்தது எப்போதும் வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளியில் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. ரொறன்ரோவில் வெள்ளி இரவாக இருக்கும்போது அடிலெய்டில் சனி விடிந்துவிடும். புரட்டாதியில் தொடங்கிச் சனிக்குச் சனி அவர்கள் வீட்டில் விரதம். எங்கள் வெள்ளியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் சனியை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதன் விலையாக நான்கு பேரும் பருப்புத் தின்றிருக்கிறோம்.

"இருங்கோ அண்ணை," என்றேன். அதுவரை நான் அவரை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. "இருங்கோ, கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்." பரிமாறிய பெண் எங்களைப் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும் சகோதரர்களா?" என்று கேட்டா. "இன்னும் இல்லை," என்றார் தவராசா ஆங்கிலத்தில். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பெரிய கேள்வியை இருவரும் எடுக்கவில்லை. பையை முடித்து, வாயைத் துடைத்து, பெண்களிடம் சொல்வதில்லை என்று மட்டும் முடிவு செய்தோம்.

அடுத்த நாள் மலைத்தொடரின் உள்ளே போனோம். தார் வீதி முடிந்து கல்வீதி. பெரிய மலையிடுக்கு ஒன்றின் ஊடாகவே பாதை ஓடியது, பல இடங்களில் ஆற்றுப் படுகைதான் பாதை. கொஞ்சத் தூரத்துக்கு ஒரு பலகை, இந்தப் பாறை எவ்வளவு பழையது என்று சொன்னது. இது ஒரு காலத்தில் கடலடி, இந்தக் கோடுகள் அலையின் அடையாளம் என்று ஒரு பலகை. மலை முழுக்கப் புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காகச் சரிந்து கிடந்தது. அடுத்த பலகையில் கண்ணும் வாயும் இல்லாத ஆதி உயிர்களின் பதிவு பற்றி எழுதியிருந்தது. அதையெல்லாம் வாசிக்கும்போது என் பேஸ்மென்ற் ரைல்ஸ் கொஞ்சம் சின்னக் கதையாகத்தான் பட்டது. ஆனால் வண்டிக்குள் திரும்பி ஏறியதும் அது மறுபடியும் பெரிதாகிவிட்டது. எமுப் பறவைக் கூட்டம் ஒன்று பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்களைப் போல எங்களுக்கு முன்னால் ஓடியது. போன் சிக்னல் எப்போதோ போய்விட்டது. பிள்ளைகள் பதிலுக்குக் காத்திருப்பார்கள். எங்களிடம் பதில் இல்லை. வந்த நாள்கள் முடியப்போகின்றன என்ற தவிப்பு எனக்கு ஏறிக்கொண்டே வந்தது.

மறுநாள் இன்னொரு இடுக்குக்குள் இறங்கும்போது, ஆற்றுக் கல் ஒன்று பின்சில்லின் ரயரைக் கிழித்தது. படார் என்ற சத்தம் மலை முழுக்கக் கேட்டது. மேலதிகச் சில்லு வண்டியின் வயிற்றுக்குக் கீழே இருந்தது. அதை இறக்கும் கைப்பிடியைத் தவராசா வீட்டுக் கராஜில் துடைத்து, எண்ணெய் பூசி, அங்கேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். வண்டிக்குக் கீழே படுத்து இருவரும் பட்டபாட்டில் முகம் கையெல்லாம் செம்மண். ஒன்றும் நடக்கவில்லை. யாராவது வரும்வரை இருக்க வேண்டியதுதான்.

ஆற்று மரத்தின் நிழலில் பாயை விரித்தோம். வெள்ளைக் கிளிகள் மேலே இருந்து எங்களை ஏசின. மரக்கறிப் பெட்டிகள் முடிந்துவிட்டன. பாண் மட்டும் இருந்தது. கமலா எழும்பி வண்டிக்குள் போய், நல்ல கட்டிலின் கீழ் லாச்சியில் இருந்து இரண்டு மீன் ரின்களை எடுத்து வந்து பாயில் வைத்தா. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவருக்கு மீனில்லாமல் ஏலாமல் போனால் எண்டு கொண்டு வந்தனான்," என்றா.

புஸ்பா ஒரு ரின்னை எடுத்துத் திறந்தாள். விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கமலாவின் கண் விரிந்தது. பிறகு வெங்காயமும் மோர்மிளகாயும் நொறுக்கிப் போட்டு, பெண்கள் இருவரும் சேர்ந்து ஒரு சம்பல் குழைத்தார்கள். ரொறன்ரோவில் எத்தனை மண்டபச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அந்த ரின் மீனும் காய்ந்த பாணும் மாதிரி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை.

கையைக் கழுவியபடி கமலாதான் தொடங்கினா. "இனியும் மறைச்சு என்ன? நாங்கள் கதைக்க வந்ததைக் கதைப்பம். நான் யோசிச்சிட்டன். அகிலன் அங்க வரட்டும். பொம்பிளைப் பிள்ளையைத் தாய் தேப்பனிட்ட இருந்து இவ்வளவு தூரம் பிரிச்சு எடுக்கிறது பாவம்."

நான் வென்றுவிட்டேன். போனை எடுத்துப் படத்தைக் காட்டத் தேவையே இல்லாமல், வாயைத் திறக்காமலே வென்றுவிட்டேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"இல்லையக்கா," என்றாள் புஸ்பா. "மிதுலா இஞ்ச வரட்டும். நானும் யோசிச்சனான்."

நான் திரும்பிப் பார்த்தேன். என்னிடம் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. எப்போது யோசித்தாள்? விமானத்திலா, பரணுக்குக் கீழே முடங்கிக் கிடக்கும்போதா? கோபம் வந்தது. அதற்குள் தவராசா குறுக்கிட்டார். "சீச்சீ, அது சரிவராது. பெடியன் அங்க வரட்டும். ஆம்பிளைப் பிள்ளை சமாளிப்பான்." புஸ்பா விடவில்லை. கமலா விடவில்லை. தங்கள் தங்கள் பிள்ளையை மற்றவர் மடியில் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். மூவரின் குரலும் ஏறியது. மூவரின் கண்ணும் நனைந்திருந்தது. மூவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஒருவருக்கும் சொன்னது நடக்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்திவிட்டேன். மலை அதைத் திருப்பிச் சொன்னது. "நல்ல கட்டிலை வெறுமையா விட்டிட்டு நாலு பேரும் இடுப்பு நோகப் படுத்த கதைதான் இது. நீங்கள் எடுங்கோ நீங்கள் எடுங்கோ எண்டு ரெண்டு பக்கமும் விட்டால் பிள்ளையள் எங்க போய் இருக்கிறது? முறை வைப்பம். ரெண்டு வருசம் ஒரு இடம், ரெண்டு வருசம் மற்ற இடம். பிறகு எது பிடிச்சிருக்கு எண்டு அதுகள் சொல்லட்டும்."

தவராசா தலையை ஆட்டினார். பிறகு, கையில் இருந்த செம்மண்ணைத் தேய்த்தபடி, "முதல் முறை ஆருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒருவரும் "உங்களுக்கு" என்று பாயவில்லை. கட்டிலுக்கும் கழிவுப் பெட்டிக்கும் அடிபட்ட வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. கமலா பாயின் ஓரத்தில் இருந்த ஒரு நூலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த விரலைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பின்வளவு வீடு ஞாபகம் வந்தது, உறை பிரிக்காத மெத்தை ஞாபகம் வந்தது. அதையும் ஒரு மனிதன் தன் கையாலேயே கட்டியிருப்பான். நான் ரைல்ஸ் பதித்த குளிர்காலங்களில் அவர் இங்கே வெயிலில் நின்று சுவருக்குப் பூசியிருப்பார்.

"கட்டிலில முதல் முறை எங்களுக்குத் தந்தனீங்கள்," என்றேன். "இதில முதல் முறை உங்களுக்கு."

பெரிய மனதோடு செய்தேன் என்று எனக்குத் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது. மிதுலா இல்லாத வீட்டில் பனி கொட்டும் ஒரு காலையை நினைத்துப் பார்த்தேன், நினைக்க முடியவில்லை. கமலா எழும்பி வந்து புஸ்பாவின் பக்கத்தில் இருந்து, அவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. புஸ்பாவும் அழுதாள். நானும் தவராசாவும் கிழிந்த சில்லைப் பார்க்கப் போனோம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

கொஞ்சம் கழித்து நான் போனை எடுத்து அவரிடம் பேஸ்மென்ற் படங்களைக் காட்டினேன். "இது ரெண்டாம் முறைக்கு," என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உது எங்கடையை விடப் பெரிசு," என்றார். "ரைல்ஸ் நேராப் பதிச்சிருக்கிறீங்கள். எனக்கு உந்த மூலைதான் ஒருநாளும் சரிவாறேல்லை." பிறகு நெடுநேரம் மூலை ரைல்ஸ் வெட்டுவது பற்றிக் கதைத்தோம்.

வெயில் பாறையின் பாதிக்கு ஏறியிருந்தபோது தூசி கிளப்பிக்கொண்டு ஒரு கரவன் வந்தது. இறங்கியவர் அந்தத் தொப்பிக்காரரும் மனைவியும். "அட, சண்டைக்காரர்கள்!" என்றார். அவரிடம் கைப்பிடி இருந்தது. சில்லை மாற்றும்போது நானும் தவராசாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவர் செய்தோம். "இன்று சமாதானமாக இருக்கிறீர்களே," என்றா அவரின் மனைவி. மீன் சம்பல் வைத்த பாணைக் கொடுத்தோம். தொப்பிக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணீர் வழிய இன்னொரு துண்டு கேட்டார். வண்டி கிளம்பும்போது தவராசா வண்டித் திறப்பை என் கையில் தந்துவிட்டு மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார். ஊரில் ஓடியதுக்குப் பிறகு வீதியின் இடப்பக்கமாக ஓடி எத்தனை காலம் ஆகிவிட்டது. முதல் வளைவு மட்டும் கொஞ்சம் தடுமாறியது.

அன்றிரவு முறைப்படி நல்ல கட்டில் அவர்களுக்கு. கமலா முழங்காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டா. பரணில் கிடந்த எனக்குத் தலை கூரையில் இடித்தது. புஸ்பாவிடம், "எப்ப யோசிச்சனி?" என்று கேட்டேன். "கட்டில் வெறுமையாக் கிடந்த அண்டைக்கு," என்றாள். அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

மறுநாள் காலை அதே பட்டணத்துக்கு இறங்கி வந்தோம். கழிவு கொட்டும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். நான் வெளிக் கதவைத் திறந்து பெட்டியை இழுத்தேன். தவராசா அசையாமல் நின்றார். கையுறையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இண்டைக்கு உங்கட முறை," என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வேலையையும் ஏற்றதில்லை.

பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்து என் போன் அடித்தது. ரொறன்ரோவில் முந்தின நாளின் இரவுச் சாப்பாட்டு நேரம். என் இரண்டு கையும் உதவாது. தவராசா என் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அப்பா! எங்க போனீங்கள்? ரெண்டு நாளா வொய்ஸ்மெயில். நாங்கள் பயந்து போனம். கதைச்சீங்களா?"

"கதைச்சிட்டம். ரெண்டு வருசம் அங்க, ரெண்டு வருசம் இஞ்ச. பிறகு உங்கட இஷ்டம்." பெட்டியை மறுபடியும் கவிழ்த்தேன். "முதல் ரெண்டு வருசம் நீ அடிலெய்டுக்கு வா பிள்ளை."

"ஆர் சொன்னது? அம்மாவா?"

"நான்தான்."

"ரியலி?" என்றாள். "அப்பா... அழுறீங்களா?"

"சீச்சீ. இஞ்ச நாத்தம். அதுதான் மூக்கு."

தவராசா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னப்பா அந்தத் தண்ணிச் சத்தம்?"

"கக்கூஸ் பெட்டி கழுவுறன்."

"வாட்? ஆருடைய?"

"எங்கட," என்றேன்.